கேதாரத்துக்குப் பேர் கொடுத்தவள்

ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் நவமணியைத் தெரியாதவர்கள் குறைவு. கச்சாங் பூத்தே என்கிற கடலைப் பலகாரம் பொரிக்கும் கொட்டகையில் அடுப்படியில் நிற்கிறவள் என்றால் போதும், சின்னப் பிள்ளைகூட வழி காட்டும். கடலையும் முறுக்கும் பக்கோடாவுமாகப் பெரிய சட்டியில் பொரித்து அள்ளிக்கொண்டே இருப்பாள். கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது. அதற்கு முன்னால் இருபது வருஷத்துக்கு மேல் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவள். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது லயத்து வீட்டைக் காலி செய்துகொண்டு ஈப்போவுக்கு வந்தாள். வந்த இடத்தில் புருஷன் போய்ச் சேர்ந்தான். ஒரே மகன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்தான். அன்றைக்கு அவள் வெட்டிய ரப்பர் மரம் இப்போது விறகாக வந்து அடுப்பில் புகைந்து அவள் கண்ணைக் கரித்தது. அதற்காக அவள் ஒரு நாளும் முனகியதில்லை. முனகுவது அவள் வளர்ப்பிலேயே கிடையாது.

தோட்டத்தில் விடிவதற்கு முன்னால் பெரட்டு நடக்கும். ஆள்கள் வரிசையாக நிற்க, கணக்கெழுதும் கிராணி பேர் கூப்பிடுவார். குரல் கொடுத்தால் அன்றைக்கு வேலை உண்டு. யாராவது சீக்காளி மாதிரி தெரிந்தால் கங்காணி டார்ச்சு விளக்கை முகத்தில் அடிப்பார். முகம் வெளுத்திருந்தால் வரிசையை விட்டு விலக்கித் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசரிடம் அனுப்பிவிடுவார். டிரெசர் எல்லா நோய்க்கும் ஒரே கசப்புத் தண்ணீரைக் கொடுப்பார். நோய் போகாது, பேர் போய்விடும். அதற்கென்று பெண்கள் ஒரு வித்தை வைத்திருந்தார்கள். காய்ச்சலில் உதடு வெளுத்திருந்தால் சுண்ணாம்பைச் சற்றுத் தூக்கலாகத் தடவி ஒரு வெற்றிலையை மென்றுவிட்டு வருவார்கள். டார்ச்சு வெளிச்சத்தில் வாய் செக்கச் செவேலென்று இருக்கும். கங்காணி அடுத்த ஆளிடம் போய்விடுவார்.

பிள்ளை கலைந்த மறுநாள்கூட நவமணி அப்படிச் சிவந்த வாயோடு நின்றிருக்கிறாள். பக்கத்து லயத்துக் கருப்பம்மாளுக்கு அந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். இரண்டு பேரும் அடுத்தடுத்த நிரையில் பால் வெட்டினார்கள், ஒரே லாரியில் சாமான் ஏற்றிப் புந்தோங்குக்கு வந்தார்கள். கருப்பம்மாள் குனோங் ராபாட்டில் ஒரு சீனக் குடும்பத்துக்கு வீட்டு வேலை செய்தாள். ஒரு நாள் பார்க்காவிட்டால் இவளுக்கும் இருப்புக் கொள்ளாது, அவளுக்கும் இருப்புக் கொள்ளாது. பார்த்தால் சண்டை.

எண்பத்தொன்றாம் வருஷம் தீபாவளி கழிந்து கோயில் மண்டபத்தில் சதாசிவம் சில படங்களைக் காட்டினார். ரயில்வேயில் எழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் தம் மச்சினரோடு இமயமலைக் கேதாரநாதர் கோயிலுக்கு நடந்துபோய் வந்தவர். போகும்போது இரண்டு பேர், வரும்போது அவர் மட்டும். படத்தில் கல் கோயிலுக்குப் பின்னால் ஒரு மலை வெள்ளைவெளேரென்று வானத்தை அடைத்துக்கொண்டு நின்றது. மற்றவர்கள் கோயிலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நவமணி மலையைப் பார்த்தாள்.

தோட்டத்துக்குப் பின்னாலும் மலை இருந்தது. காலையில் மேகம் விலகும்போது அவள் அண்ணாந்து பார்ப்பாள். “மலையில என்ன எழுதியா இருக்கு? மரத்தப் பாரு” என்று கங்காணி அதட்டுவார். அப்படியே மரத்தைப் பார்த்துப் பார்த்து ஐம்பதைத் தொட்டாகிவிட்டது. பிறந்த இடம், வாக்கப்பட்ட இடம், பிழைக்க வந்த இடம், எதுவும் அவளாகத் தேர்ந்ததில்லை. இந்த ஒரு இடத்துக்கு நானாகப் போக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியது என்பதுகூடச் சரியில்லை, பிடித்துக்கொண்டது.

அன்றிலிருந்து அவள் யாரையும் தூங்க விடவில்லை. சந்தையில், குழாயடியில், பஸ்ஸில் என்று ஆள் பிடித்தாள். தயங்கிய கருப்பம்மாளைக் கையைப் பிடித்து இழுத்து வந்து சேர்த்தாள். அடுத்த வைகாசியில் புறப்படுவது என்று முடிவாயிற்று. பினாங்கில் கப்பல் ஏறி மெட்ராஸ், அங்கிருந்து ரயிலில் ஹரித்துவார், பஸ் போகிற மட்டும் பஸ், அதற்குப் பிறகு நடை. மலை இறங்கிக் காசி, இராமேசுவரம், சொந்தபந்தம் இருக்கிறவர்களுக்கு அவரவர் ஊர், மறுபடியும் கப்பல். கம்பளிச் சட்டை தேடி ஈப்போவை அலசினார்கள். ஆயுசில் செருப்புக்கு மேல் எதுவும் போட்டறியாத பெண்கள் துணிச் சப்பாத்து வாங்கி, வீட்டுக்குள்ளேயே நடந்து பழகிக் கட்டிலில் இடித்துக்கொண்டார்கள். புந்தோங்கே சிரித்தது. நவமணி சட்டை செய்யவில்லை.

தை மாதத்தில் சதாசிவம் எல்லோரையும் மண்டபத்தில் உட்கார வைத்துப் பேசினார். சாதாரணமாக நகைச்சுவையாகப் பேசுகிறவர், அன்றைக்குச் சிரிக்கவில்லை.

“அது பன்னெண்டாயிரம் அடி. அங்க காத்து கொஞ்சம்தான். என் மச்சினருக்குப் பாதி வழியிலயே முடியல. என்கிட்ட சொல்லல. சொன்னா திருப்பிக் கூட்டிட்டுப் போயிருவேன்னு பயம். நல்லாருக்கேன், நல்லாருக்கேன்னே நடந்தாரு. குதிரக்காரன்தான் பாத்துட்டுச் சொன்னான், உதடு நீலமாயிருச்சுன்னு. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. மலை ஆளக் கொல்லாது. சொல்லாம இருக்கிறதுதான் கொல்லும். ரெண்டு ரெண்டு பேரா சோடி போடறேன். உங்க சோடியோட உதட்டையும் நகத்தையும் பாத்துக்கிட்டே வரணும். நீலம் தெரிஞ்சா என்கிட்ட சொல்லணும். இங்க பழகும்போது யாருக்குத் தெரிஞ்சாலும் அவங்க பேரை எடுத்துருவேன். கோவிச்சுக்கக் கூடாது.”

நவமணிக்கும் கருப்பம்மாளுக்கும் சோடி போட்டார். வேறு யாருக்குப் போடுவார்?

வீட்டுக்கு நடக்கும்போது நவமணியின் நெஞ்சு படபடத்தது. கொஞ்ச காலமாகவே அவளுக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர்க் குடத்தோடு நாலு எட்டு வைத்தால் நெஞ்சுக்குள் யாரோ துணியை அடைத்த மாதிரி இருக்கும். அடுப்புப் புகையால் வந்தது, போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். இத்தனை ஆளைத் திரட்டியவள், இத்தனை பேர் சிரிப்பைத் தாங்கியவள், இப்போது போய் மூச்சு முட்டுகிறது என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் பேர் போய்விடும். உதட்டைத்தானே பார்ப்பார்கள், நகத்தைத்தான் அடுப்புக் கரி மூடியிருக்கிறதே என்று நினைத்தாள். நினைத்தவுடன் அவளுக்கு வழி தெரிந்துவிட்டது. இரண்டு தலைமுறைக் கங்காணிகளை ஏய்த்தவளுக்கு ஒரு ரயில்வே எழுத்தர் எம்மாத்திரம்?

ஞாயிற்றுக்கிழமைகளில் குகைக்கோயில் படிகளில் ஏறிப் பழகினார்கள். நவமணி இடுப்பில் வெற்றிலைச் சுருக்குப்பையைச் செருகிக்கொண்டு வந்தாள். மூச்சு வாங்கும் இடத்தில் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக் கட்டினாள், இல்லாவிட்டால் கீழே தெரிகிற ஊரைக் காட்டி ஏதாவது கதை அளந்தாள். சதாசிவம் வாயைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். வெற்றிலை போடாத கிழவி ஊரில் ஏது? அவருக்கு அதில் ஒன்றும் உறைக்கவில்லை.

மாசிக் கடைசியில் பெரிய ஒத்திகை. வாடகை பஸ் பிடித்து, தாப்பா வழியாகக் கேமரன் மலைக்குப் போய், தேயிலைத் தோட்டத்துப் பாதையில் பிரிஞ்சாங் உச்சிவரை நடப்பது. ஆறாயிரம் அடிக்கு மேல். கேதாரத்தில் பாதி. அங்கே ஏறிவிட்டால் பிறகு யார் பேரையும் எடுக்கப் போவதில்லை என்று சதாசிவம் சொல்லியிருந்தார்.

பஸ்ஸில் கருப்பம்மாள் நவமணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பத்து நகத்திலும் கருஞ்சிவப்பாக மருதாணி.

“என்னடி, கல்யாணமா உனக்கு?” என்றாள் நவமணி.

“ஆமா, மாயாண்டிய மாத்தலாம்னு இருக்கேன்” என்று கருப்பம்மாள் சிரித்தாள். மாயாண்டி அவள் புருஷன். நவமணியும் சிரித்துவிட்டு, தன் மூச்சை நினைத்துக் கவலைப்பட ஆரம்பித்தாள்.

பாதை வளைந்து வளைந்து மேலே போயிற்று. பனி இறங்கி, தேயிலைச் செடிகள் தெரிவதும் மறைவதுமாக இருந்தன. முதல் ஏற்றத்திலேயே நவமணிக்கு நெஞ்சு அடைத்தது. ஒரு வெற்றிலையை வாயில் அதக்கிக்கொண்டு கயிற்றை அவிழ்க்கக் குனிந்தாள். குனிந்தபோது பக்கத்தில் இன்னொரு சப்பாத்தும் நின்றது. கருப்பம்மாளும் குனிந்து தன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

நவமணி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்த வளைவிலும் கருப்பம்மாள் நின்றாள். அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை, வெறும் பனி. “எவ்வளோ அழகு பாரேன்” என்றாள். குரல் பாதியில் அறுந்தது. அதற்கடுத்த வளைவில் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். சதாசிவம் இறங்கி வந்தார்.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்ல அண்ணே. கால்ல கல்லு.”

அவர் குனிந்து வாயைப் பார்த்தார். கைவிரல்களைப் பார்த்தார். “நல்லா செவப்பா இருக்கு. மெதுவா வாங்க” என்று சொல்லிவிட்டு முன்னால் போனார்.

அப்போதுதான் நவமணிக்குப் பொறி தட்டியது. கருப்பம்மாள் வெற்றிலையை விட்டு ஐந்து வருஷமாகிறது. கறை படிந்த பல்லோடு சமையலறைக்குள் வரக் கூடாது என்று சீன வீட்டுக்காரம்மாள் சொன்னதால், அழுதுகொண்டே விட்டாள். இன்றைக்கு அவள் வாய் ரத்தமாகச் சிவந்திருந்தது. நகத்தில் மருதாணி. பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். இந்தப் பாம்புக்குக் கால் வைத்துக் கொடுத்ததே நவமணிதான்.

“கருப்பு, உனக்கு முடியலயா?” என்று காதோடு கேட்டாள்.

“எனக்கென்ன? நீ உன் வேலயப் பாரு” என்றாள் கருப்பம்மாள். உதட்டில் சிரிப்பு இருந்தது, கழுத்து நரம்பு குதித்துக்கொண்டிருந்தது.

நவமணி பத்தடி நடந்தாள். கால் நடந்தது, மனசு நடக்கவில்லை. இவளைச் சொல்லிக்கொடுத்தால் சதாசிவம் எல்லார் வாயையும் கழுவச் சொல்வார். தன் வாயையும். அத்தோடு கேதாரம் போயிற்று, வெள்ளை மலை போயிற்று. சரி, இது சின்ன மலைதானே, ஒப்பேற்றிவிடுவாள், ஊருக்குப் போய்த் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தாள். ஊருக்குப் போனால் கருப்பம்மாள் சத்தியமாக ஒத்துக்கொள்ள மாட்டாள். தானே ஒத்துக்கொள்ளாதபோது அவள் எப்படி ஒத்துக்கொள்வாள்? அங்கே, பன்னிரண்டாயிரம் அடியில், சோடி சேர்ந்த இரண்டு பெண்கள் ஒருத்தி வாயை ஒருத்தி பார்த்து, சிவப்பாக இருக்கிறது, நட என்று சொல்லிக்கொண்டே போவார்கள். ஒருத்தி விழுகிற வரைக்கும். எந்த ஒருத்தி முதலில் விழுவாள் என்பதில் நவமணிக்குச் சந்தேகம் இல்லை.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், விழட்டுமே, அவள் பிடிவாதம், என்றும் தோன்றியது. தோன்றியதும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

“அண்ணே” என்று கூப்பிட்டாள். பனிக்குள் முன்னால் போனவர்கள் நின்றார்கள். “அண்ணே, இங்க வாங்க.”

சதாசிவம் வருவதற்குள் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து வாயைக் கொப்பளித்தாள். துப்பினாள். மறுபடி கொப்பளித்து, முந்தானையால் உதட்டை அழுத்தித் துடைத்தாள், தோல் எரிகிற அளவுக்கு.

“என் வாயப் பாருங்க” என்றாள்.

அவர் பார்த்தார். முகம் மாறியது. கறை போன இடத்தில் உதடு நாவல் பழம் தின்ற மாதிரி இருந்தது.

“எத்தன நாளா?” என்றார்.

“ரொம்ப நாளா. அத விடுங்க. அவளையும் கழுவச் சொல்லுங்க. அவளுக்கு என்னவிட மோசம்.”

கருப்பம்மாள் எழுந்துவிட்டாள். “நான் ஏன் கழுவணும்? நல்லாத்தானே இருக்கேன். இவளுக்கு முடியலன்னா இவ எறங்கிப் போவட்டும்.”

“கழுவும்மா” என்றார் சதாசிவம். அவர் குரல் நடுங்கியது. மச்சினரை நினைத்தாரோ என்னவோ.

“மாட்டேன்” என்று சொல்லிக் கருப்பம்மாள் மேலே பார்த்து விறுவிறுவென்று நடந்தாள். நன்றாக இருக்கிறேன் என்று காட்டுவதற்காகவே நடந்தாள். நாலைந்து எட்டு போனதும் முழங்கால் மடங்கிப் பாதையோரத்துச் செடிமேல் சாய்ந்தாள். நவமணி ஓடிப்போய்த் தலையை மடியில் தூக்கிக்கொண்டாள். தன் மூச்சு முட்டியது அப்போது அவளுக்குத் தெரியவே இல்லை. ஈர முந்தானையால் அவள் உதட்டைத் துடைத்தாள். சிவப்பு போகப் போக நீலம் வந்தது.

தேயிலை ஏற்றும் லாரி ஒன்று வந்தது நல்ல காலம். அதில் படுக்க வைத்துக் கீழே கொண்டுவந்தார்கள். கீழே வர வர கருப்பம்மாளுக்கு நினைவு தெளிந்தது. கண்ணைத் திறந்ததும் யார் மடியில் இருக்கிறோம் என்று பார்த்தாள். பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“கிராணிகிட்ட போய்ச் சொல்றவளா நீ எப்ப ஆன?”

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அதைவிடப் பெரிய வசவு கிடையாது. களவு செய்தவளை மன்னிப்பார்கள், புருஷனை விட்டு ஓடியவளைக்கூட ஒரு தலைமுறை கழித்து மன்னிப்பார்கள். பக்கத்து ஆளைக் கிராணியிடம் காட்டிக் கொடுத்தவளோடு யாரும் தண்ணீர்கூடப் புழங்க மாட்டார்கள். லாரி குலுங்கும்போதெல்லாம் நவமணி அவள் தலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

கருப்பம்மாளுக்குச் சின்ன வயசிலேயே இதயத்தில் கோளாறு ஏற்பட்டிருக்கிறது, இத்தனை வருஷம் மறைத்து வந்திருக்கிறாள் என்று டாக்டர் சொன்னார். அந்த உயரத்துக்குப் போயிருந்தால் திரும்பியிருக்க மாட்டாள் என்று மாயாண்டியிடம் பச்சையாகவே சொன்னார். நவமணிக்கு நுரையீரலில் புகை. அடுப்பை விட்டு விலகி இருக்க வேண்டும், மலையெல்லாம் கூடவே கூடாது. சதாசிவம் இரண்டு பேர் பேரையும் எடுத்தார். பயணம் முடிகிற மட்டும் யாரும் வெற்றிலை போடக் கூடாது, மருதாணி வைக்கக் கூடாது என்றும் சொன்னார். அதற்கப்புறம் இன்னும் இரண்டு பேர் தாமாகவே வந்து, தங்களுக்கும் முடியவில்லை என்றார்கள்.

மாயாண்டி ஒரு சாயங்காலம் நவமணி வீட்டு வாசலில் வந்து நின்று, என்ன சொல்வதென்று தெரியாமல் அழுதுவிட்டுப் போனான். கருப்பம்மாள் வரவில்லை. சந்தையில் எதிரே வந்தால் தெருவின் அந்தப் பக்கம் போனாள். அவளுக்காகத் தான் இழந்ததைப் பற்றி நவமணிக்கு வருத்தம் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் அந்த வெள்ளை மலை இரவில் கனவில் வந்ததைவிட, கருப்பம்மாளோடு சண்டை போடாத பகல்கள்தான் அவளை அதிகம் வதைத்தன.

வைகாசியில் பயணக் கூட்டம் ஈப்போ ஸ்டேஷனில் ரயில் ஏறியது. தான் கூட்டிய கூட்டம், வழியனுப்பாமல் எப்படி இருப்பது? நவமணி போனாள். எல்லார் கம்பளிச் சட்டைப் பொத்தானையும் சரிபார்த்தாள். “முடியலன்னா முடியலன்னு சொல்லுங்க” என்று ஒவ்வொருத்தியிடமும் சொன்னாள். ரயில் நகர்ந்தது. கையசைத்தாள். கடைசிப் பெட்டியும் வளைந்து மறைந்த பிறகு திரும்பினாள். பிளாட்பாரத்துத் தூணருகில் கருப்பம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“என்னய அங்க போவ வுட்டிருந்தா என்ன?” என்றாள் கருப்பம்மாள். மூன்று மாதத்தில் அவள் பேசிய முதல் பேச்சு. “செத்தாலும் கேதாரத்துல செத்திருப்பேன். புண்ணியமாப் போயிருக்கும்.”

“உனக்குப் புண்ணியம்” என்றாள் நவமணி. “எனக்கு? நீ போய்ட்டா நான் யாரோடடி சண்ட போடறது?”

கருப்பம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள். நவமணி ஓரடி பின்னால் போனாள். ஸ்டேஷன் வாசல் தாண்டி, வெயிலில், பஸ் நிறுத்தத்தை நோக்கிப் பாதித் தூரம் போயிருப்பார்கள். கருப்பம்மாள் நின்றாள். சப்பாத்துக் கயிறு இல்லை, குனியவில்லை. எதையும் காட்டிக் கதை சொல்லவும் இல்லை. பக்கத்துச் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, தெருவில் போகிறவர்கள் பார்க்கப் பார்க்க, மற்றக் கையை நெஞ்சில் வைத்தாள்.

“முடியல நவமணி” என்றாள். “செத்த நில்லு.”

நவமணி நின்றாள்.